மடிப்பக்கா வீட்டு டிஎன்எஸ்

போன் திரையை விரலால் இழுத்து விட்டாள். வட்டம் சுற்றியது. சுற்றிக் களைத்து நின்றது. மறுபடியும் அதே வாசகம்: ‘இந்தத் தளத்தை அடைய முடியவில்லை.’

துணி காயும் பால்கனியில், ஈரப் போர்வைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றாள் மடிப்பக்கா. உள்ளேயிருந்து தம்பி மனைவி கணினி வழியாகப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் குரல் வந்தது. அதெல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது. செய்தி திறக்கிறது. வானிலை திறக்கிறது. யாரும் கேட்காத விளம்பரம்கூடத் துள்ளிக்கொண்டு திறக்கிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் திறக்கப்பார்க்கும் அந்த ஒரு பக்கம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலை என்று மலையாக வந்து விழுவதை மடித்து அடுக்கவேண்டும். அவள் மடித்த விரிப்பில் ஒரு மூலை இன்னொரு மூலையைத் தாண்டி எட்டிப் பார்த்ததாகச் சரித்திரமே இல்லை. அதனால் கூடத்தில் எல்லாருக்கும் அவள் மடிப்பக்கா. இளம் வயதிலேயே கல்யாணம் முறிந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி, தம்பியோடேயே இருந்துவிட்டவள். தன் வாழ்க்கையையும் அப்படித்தான் நாலாக மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள், அந்தத் தளத்தைப் பார்க்கும்வரை.

நடுவயதில் தனியாக இருப்பவர்கள் துணை தேடுகிற தளம் அது. அவள் தன் முகத்தைப் போடவில்லை. மடித்த துவாலைகளின் படம் ஒன்றைப் போட்டாள். கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிற ஒருவர், மனைவியை இழந்தவர், அதைப் பார்த்துவிட்டு எழுதினார்: ‘துவாலையின் விளிம்பு இவ்வளவு நேராக எப்படி வருகிறது? நான் லென்ஸ் விளிம்புக்கே திணறுகிறேன்.’

அழகாக இருக்கிறீர்கள் என்று எவனாவது எழுதியிருந்தால் அன்றைக்கே மூடிவிட்டுப் போயிருப்பாள். விளிம்பைப் பற்றிக் கேட்டாரே, அதில்தான் விழுந்தாள்.

போன் நம்பர் கொடுக்கவில்லை. வீட்டில் போன்கள் எல்லாம் சாப்பாட்டு மேசையில் கிடக்கும். தம்பி எதையும் எடுப்பான். அவளுடைய பழைய போனில் இணையம் என்றால் வீட்டு வைஃபை மட்டும்தான். வேலைக்குப் போகும்போது அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். பேச்சு எல்லாம் அந்தத் தளத்துக்குள்ளேயே நடந்தது. கடைசியாக அவர் கேட்டிருந்தார்: ‘வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற பூங்காவுக்கு வருவீர்களா? யோசித்துச் சொல்லுங்கள். அவசரமில்லை.’

கொஞ்சம் யோசிக்கிறேன் என்று எழுதி வைத்துவிட்டு, விடிந்ததும் ‘வருகிறேன்’ என்று எழுதப்போனாள். அப்போது சாத்திய கதவுதான். இதோ ஞாயிறு நெருங்கிவிட்டது.

---

கதவைச் சாத்தியது யார் என்று அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்துகொள்வதில் தடையில்லை. அவர் அந்தக் கேள்வியைக் கேட்ட அதே நாள் இரவுச் சாப்பாட்டின்போது அது நடந்தது.

அவளுடைய தம்பிக்குக் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் வேலை. வீட்டில் அவனுக்குப் பெயர் நோண்டி. கையைச் சும்மா வைத்திருக்க மாட்டான். ஓடுகிற கடிகாரத்தை இன்னும் நன்றாக ஓடவைக்கிறேன் என்று திறப்பான். வீட்டு அழைப்புமணி அவன் கைபட்ட நாளிலிருந்து யாராவது வந்து போன பிறகுதான் அடிக்கிறது. அன்று அவன் கண் வீட்டுக்கு வைஃபை தரும் ரவுட்டர்மேல் விழுந்திருந்தது.

“எல்லாரும் கொஞ்சம் கவனிங்க. இந்த வீட்டுக்கு டிஎன்எஸ் மாத்தப்போறேன்.”

“எதுக்கு? இருக்கறது நல்லாத்தானே இருக்கு?” என்றாள் டீச்சர். அவன் மனைவியை அவனே அப்படித்தான் கூப்பிடுவான்.

“எங்க நல்லா இருக்கு? உன் பக்கம் திறக்கவே ஒரு யுகம் ஆகுதுன்னு நீதானே புலம்பினே?”

“டிஎன்எஸ்னா என்னடா?” என்று கேட்டாள் மடிப்பக்கா. அன்றைக்கு அவளுக்கு எல்லாவற்றையும் கேட்கவேண்டும் போலிருந்தது. எல்லார்மேலும் பிரியமாக இருந்தது.

“போன்ல என் பேரைத் தொட்டா என் நம்பருக்குப் போகுதுல்ல? உனக்கு என் நம்பர் மனப்பாடமா?”

“இல்ல.”

“அதேதான்கா. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு நம்பர் இருக்கு. நாம பேரைத்தான் தட்டறோம். பேருக்கு நம்பர் எதுன்னு கேட்டுச் சொல்ற ஆளுதான் டிஎன்எஸ். இப்ப நம்ம இணையக் கம்பெனி குடுத்திருக்கற ஆளு தூங்குமூஞ்சி. வேற ஆளைப் போடலாம். காசு கேக்காம ஊருக்கே சொல்ற ஆளுங்க நிறைய இருக்காங்க.”

“அப்பா, அது ஆளு இல்ல, சர்வர்,” என்றாள் அவன் மகள். உயரத்தில் அம்மாவை எட்டிக்கொண்டிருந்தாலும் அந்த வீட்டுக்கு அவள் இன்னும் பாப்பாதான்.

“சர்வர்னா ஆளுதான். ஹோட்டல்ல பார்த்ததில்ல?”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். “நாலு எட்டு வரிசையா இருக்கற நம்பர் ஒண்ணு, பெரிய இடம், படுக்கவே படுக்காது. நாலு ஒண்ணு வரிசையா இருக்கறது இன்னொண்ணு. வேகம், நாம எங்கெங்க போறோம்னு ரொம்ப எட்டிப் பார்க்க மாட்டேங்கறான். மூணாவதா ஒருத்தர் நடத்தறது இருக்கு. அதுல குடும்பம்னே ஒரு வகை. வேண்டாத இடத்துக்கு நம்பரே சொல்ல மாட்டான்.”

“அதுதான் வேணும்,” என்றாள் டீச்சர். போன வாரம் பாப்பாவின் டேப்லெட்டில் அசிங்கமாக ஒரு விளம்பரம் குதித்ததிலிருந்து அவளுக்கு நிம்மதியில்லை.

“எனக்கு வேண்டாம்,” என்றாள் பாப்பா.

“எனக்கு வேகம்தான் முக்கியம்,” என்றான் நோண்டி. “அக்கா, நீ சொல்லு. உன் ஓட்டுதான் பாக்கி.”

மடிப்பக்காவுக்கு எட்டும் புரியவில்லை, ஒன்றும் புரியவில்லை. காதில் விழுந்த ஒரே ஒரு சொல் புரிந்தது. இத்தனை வருஷமாக எந்த வீட்டில் ஒண்டியிருக்கிறோமோ அந்த வீட்டில் ஓட்டுக் கேட்கிறார்கள். நெஞ்சு நிறைந்துபோயிற்று. கையைத் தூக்கினாள்.

“குடும்பம்னு பேர்லயே இருக்கே. அதைவிட என்னடா வேணும்? அதையே போடு.”

போட்டான்.

---

சலவைக்கூடத்தில் இரண்டு பேராக நின்றுதான் விரிப்பு மடிக்கவேண்டும். சூடான உருளைகளுக்கு நடுவிலிருந்து விரிப்பு தகடுபோல நீண்டு வரும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து ஒருவர் கையை ஒருவர் தொட்டு, மறுபடி விலகவேண்டும். மடிப்பக்காவுக்கு எதிரில் நிற்பவள் ரேடியோ. அணைக்கவே முடியாத வாய். அதனால் அந்தப் பெயர். உலகத்தில் மடிப்பக்காவின் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்பது விதியின் விளையாட்டு.

சனிக்கிழமை அன்று மூலைகள் சேரவில்லை. ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது.

“உனக்கு என்ன ஆச்சு? இது விரிப்பா, பட்டமா?” என்றாள் ரேடியோ.

“திறக்கவே மாட்டேங்குது.”

“எது?”

“அதுதான். அந்தத் தளம். மத்ததெல்லாம் திறக்குது. அது மட்டும் இல்ல.”

ரேடியோ நடந்து வந்து மூலையைக் கொடுத்தாள். கொடுத்த கையை விடாமல் நின்றாள். “வேலை முடியட்டும். என் போன்ல பார்க்கலாம்.”

கூடத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் பெட்டியில் பூட்டி வைக்கவேண்டும். வேலை முடியும்வரை மடிப்பக்கா விரிப்புகளோடு மல்லுக்கட்டினாள். மேற்பார்வையாளர் வந்து, அவள் அடுக்கிய அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துப் பிரித்து, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். வந்த நாளிலிருந்து நடக்காதது. காது மடல் வரை சுட்டது அவளுக்கு.

வாசலில் நின்று ரேடியோ தன் போனில் தட்டினாள். பக்கம் பளிச்சென்று திறந்தது. ஒரு ஜோடி கைகோத்து நடக்கிற படம், மேலே வரவேற்பு வாசகம்.

“என் போன்ல திறக்குதே!”

“உள்ள போய்ப் பார்க்கலாமா?”

“பாஸ்வேர்டு சொல்லு.”

“அது... போனுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது.”

ரேடியோ போனை மூடினாள். அவள் முகத்தில் வந்த இரக்கம் மடிப்பக்காவைக் கிள்ளியது. “மனசைத் தேத்திக்க. எனக்குத் திறக்குது, உனக்குத் திறக்கலைன்னா ஒரே அர்த்தம்தான். அந்த ஆளு உன்னை பிளாக் பண்ணிட்டாரு.”

“பிளாக்கா?”

“ஆமா. எங்க அக்கா பொண்ணுக்கும் இப்படித்தான். ஒருநாள் இருந்தான், மறுநாள் காணோம். பதில் சொல்ல நேரமாக்கினே இல்ல? ஆம்பளைங்களுக்குப் பொறுமை ஏது?”

அவசரமில்லை என்று எழுதினாரே! அந்த எழுத்தை எத்தனை முறை தடவிப் பார்த்திருக்கிறாள்! பேருந்தில் உட்காரப் பிடிக்காமல் நின்றுகொண்டே வந்தாள். நிற்கவும் பிடிக்கவில்லை. வீடு வருவதற்கு முன்பே ஒரு நிறுத்தத்தில் இறங்கி நடந்தாள். பிளாக், பிளாக் என்று செருப்பு சொல்லிக்கொண்டே வந்தது.

---

ஞாயிறு மதியம். மேசையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மடிப்பக்கா தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும், பார்க்கவில்லை என்பதுபோல் திரும்புவதுமாக இருந்தாள். சாயங்காலம் அவர் வரமாட்டார். பிளாக் பண்ணியவர் எப்படி வருவார்? ஒருவேளை வந்தால்? வந்து உட்கார்ந்திருந்தால்?

“அப்பா, என் கேம்ல சாட் வரவே மாட்டேங்குது,” என்றாள் பாப்பா.

“வராது. நான்தான் பிளாக் பண்ணியிருக்கேன்,” என்றான் நோண்டி.

மடிப்பக்காவின் விரல் நின்றது.

நோண்டி யாரையும் பார்க்கவில்லை. அலமாரிமேல் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த ரவுட்டரைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே பேசினான். “முகம் தெரியாதவங்களோட இந்த வீட்ல யாரும் பேச வேண்டாம். படத்துல ஒண்ணு இருக்கும், நேர்ல ஒண்ணு இருக்கும். முதல்ல நல்லவிதமாத்தான் ஆரம்பிப்பாங்க. அப்புறம் எங்கயாவது பூங்காவுக்கு வா, பார்க்கலாம்பாங்க. அவங்கவங்க வயசுக்குத் தகுந்த மாதிரி அடக்கமா இருக்கணும். நம்ம குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கு.”

பூங்கா! அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. இவனுக்குத் தெரிந்திருக்கிறது. போனை எடுத்துப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, நேரே கேட்கத் துணிவில்லாமல், பெற்ற பிள்ளையைச் சாக்கு வைத்து ஜாடை பேசுகிறான்! நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்தாள்.

“போதும் நிறுத்துடா!”

மூன்று முகங்களும் நிமிர்ந்தன.

“வயசாம் வயசு! எனக்கு எந்த வயசுல என்ன நடந்தது? நீ படிக்கணும்னு நான் வேலைக்குப் போனேன். உனக்குப் பொண்ணு பார்க்கணும்னு நான் பழைய புடவையை மடிச்சுக் கட்டிக்கிட்டு அலைஞ்சேன். ஒருநாள், ஒரே ஒருநாள் எனக்காக நான் ஏதாவது கேட்டிருப்பேனா? அவரு என்னடா தப்பா பேசினாரு? துவாலை விளிம்பைப் பத்திக் கேட்டாரு. அது ஒரு குத்தமா? அவரை எதுக்குடா நீ பிளாக் பண்ணே?”



நோண்டி வாயில் இருந்ததை மெல்ல மறந்துவிட்டான். “எவரை?” என்றான்.

பாப்பா மெதுவாகச் சொன்னாள். “அத்தை... அப்பா என்னைச் சொன்னாரு.”

சொல்லிவிட்ட சொல்லை எந்த மடிப்புக்குள் செருகி ஒளிப்பது? மடிப்பக்கா விழுந்துகிடந்த நாற்காலியைத் தூக்கி நிமிர்த்தினாள். அதன் முதுகைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். கைக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர்தான் முதலில் எழுந்து வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, பாடத்தைத் தவறவிட்ட பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டாள். “அண்ணி, முதல்லயிருந்து சொல்லுங்க. யாரு அவரு?”

சொன்னாள். விட்டு விட்டு, விக்கி விக்கி, எல்லாவற்றையும் சொன்னாள். இன்று சாயங்காலம் என்பதையும், ரேடியோ சொன்னதையும் சொன்னாள். நோண்டி இருந்த இடத்தில் இல்லை. அறைக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தான். கடைசியில் வந்து கையை நீட்டினான்.

“போனைக் குடுக்கா.”

பார்த்தான். தளத்தின் பெயரைப் படித்தான். அலமாரியைப் பார்த்தான். பொத்தென்று எதிரில் உட்கார்ந்தான்.

“அக்கா, அவரு உன்னை பிளாக் பண்ணல.”

“பின்ன?”

“ஒரு ஆளு பிளாக் பண்ணா அந்த ஆளு மட்டும்தான் காணாம போவான். தளமே திறக்காம போகாது. இது நம்ம வீட்டு வேலை. இந்த மாதிரி ஆணும் பொண்ணும் சந்திக்கிற தளத்தையெல்லாம் ‘குடும்பம்’ ஒரே மூட்டையா கட்டி வெளியே போட்டுடும். நம்பர் கேட்டா அப்படி ஒரு இடமே இல்லைங்கும். நான்கூட இதை யோசிக்கல.” தயங்கினான். “நீதானேக்கா கை தூக்கினே?”

மடிப்பக்கா அவனையே பார்த்தாள். குடும்பம் என்று ஆசையோடு தூக்கிய கை மடியில் கிடந்தது. சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியிலேயே அழுகையானது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றான் நோண்டி. “நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?”

“சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?” என்றாள் டீச்சர். “அந்த மனுஷனோட வீட்டு வாசலுக்கே போய் அவரையும் கழட்டிப் பார்த்திருப்பீங்க.”

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “சரி. விடு. உன் போன்ல மட்டும் வேற டிஎன்எஸ் போட்டுத் தர்றேன். வீட்டுக்கு இருக்கறது அப்படியே இருக்கட்டும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். நீ பாட்டுக்குப் பேசு.”

நல்ல யோசனைதான். ஒரு நிமிஷ வேலை. மடிப்பக்கா கையை நீட்டியும்விட்டாள். நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“வேண்டாம்டா.”

“ஏன்?”

“ஒளிச்சு ஒளிச்சுப் போதும். போர்வைக்குப் பின்னாடி நின்னு நின்னு என் முதுகே ஈரமாயிடுச்சு. அவரு நல்லவரா, நான் பேசலாமா கூடாதான்னு இந்த வீடு சொல்லட்டும். கூடாதுன்னா நான் போனையே மூடி வச்சுடறேன். பேசலாம்னா வீட்டுக்கே மாத்து. திருட்டு வழியா எனக்கு மட்டும் ஒண்ணு வேண்டாம்.”

நோண்டி மனைவியைப் பார்த்தான். டீச்சர் மகளைப் பார்த்தாள். டீச்சர் முகத்தில் அந்த விளம்பரத்தைப் பார்த்த நாளின் கலவரம் வந்து போயிற்று. அவள் உதடு ஏதோ சொல்ல எடுத்து, சொல்லாமல் நின்றது. மடிப்பக்காவுக்கு அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. ஒரு வீட்டுக்குள் இருபது வருஷத்துக்குமேல் இருந்தும் ஒருத்தி விருந்தாளியா இல்லையா என்பது இந்த ஒரு மௌனத்தில்தான் தெரியும் போலிருந்தது. எழுந்து ஜன்னல்வரை போனாள். திரும்பி வந்தாள்.

“பாப்பா இருக்கா அண்ணி,” என்றாள் டீச்சர் கடைசியில். “எனக்கு பயம்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவளுக்குப் போடற வேலியை உங்களுக்கும் சேர்த்துப் போட்டா, அப்புறம் நீங்க எனக்கு யாரு?” கணவன் பக்கம் திரும்பினாள். “ஏங்க, குடும்பத்தைப் பாப்பா டேப்லெட்ல மட்டும் போட முடியுமா?”

“முடியும். அதுக்குன்னு தனியா குடுத்துடலாம்.”

“எனக்கு மட்டும் குடும்பமா?” என்று கத்தினாள் பாப்பா. “இது அநியாயம்!”

“உனக்கும் கல்யாண வயசு வரட்டும், எடுத்துடறேன்,” என்றான் நோண்டி. அந்த மதியத்தில் முதல் தடவையாக எல்லாரும் சிரித்தார்கள்.

---

நோண்டி நாற்காலிமேல் ஏறி நின்று ரவுட்டரைப் பார்த்தான், இறங்கிக் கணினியில் தட்டினான். குடும்பத்தை அழித்துவிட்டு நாலு ஒன்றைப் போட்டான். விளக்குகள் அணைந்து ஒவ்வொன்றாக எரிந்தன. மடிப்பக்கா போனை இழுத்து விட்டாள். வட்டம் சுற்றியது.

‘இந்தத் தளத்தை அடைய முடியவில்லை.’

“இன்னும் இல்லையேடா!”

“போன் பழைய பதிலையே ஞாபகம் வச்சிருக்கும். பொறுக்கா.”

“எத்தனை நேரம்டா பொறுக்கறது?”

“அணைச்சுப் போடு!”

அணைத்தாள். போட்டாள். பழைய போன், எழுந்து உட்காரவே அதற்கு நேரமாயிற்று. நாலு தலைகள் அந்தச் சின்னத் திரைக்குமேல் முட்டிக்கொண்டு நின்றன. கைகோத்த ஜோடி வந்தது. உள்ளே, மடித்த துவாலைகள். அவருடைய பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி.

முதலில் ஒன்று: ‘யோசிக்கிறீர்களா? நல்லது.’

அடுத்தது: ‘நான் அவசரப்படுத்திவிட்டேனோ?’

நேற்று வந்தது: ‘உங்கள் மௌனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்கிறேன். தவறாக எதுவும் இல்லை. நாளை நான் பூங்காவுக்கு வரவில்லை. நீங்கள் வரச்சொன்னால் மட்டும் வருவேன்.’

தப்புத் தப்பாகத் தட்டினாள். ‘வாங்க. மௌனம் இல்லை. வீட்டுல ஒரு சிக்கல். நான் வர்றேன். நீங்களும் வாங்க.’ அனுப்பினாள். ஒற்றைக் குறி விழுந்தது. அவர் பார்க்கவில்லை.

கடிகாரம் சாயங்காலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மடிப்பக்கா எழுந்தாள், உட்கார்ந்தாள். பதில் வரும்வரை வீட்டிலேயே இருந்தால் பூங்காவுக்கு நேரமாகிவிடும். கிளம்பிவிட்டால், தெருவைத் தாண்டியதும் இந்தப் போன் வெறும் கண்ணாடித் துண்டு; அவர் வருகிறாரா இல்லையா என்பதே தெரியாது.

“என்னடா பண்றது?”

“என் போன்ல இருந்து நெட் தர்றேன், கொண்டு வா,” என்றான் நோண்டி.

“அத்தை போன்ல சார்ஜே இல்லப்பா, இதோ செத்துடும்,” என்றாள் பாப்பா.

மடிப்பக்கா ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு போனைச் சார்ஜில் சொருகி, பக்கம் திறந்தபடியே டீச்சர் கையில் வைத்தாள். அவரும் அவளும் பேசிய எல்லாமே அதில் இருந்தது. மேலே தள்ளினால் முதல் துவாலை வரைக்கும் படிக்கலாம்.

“நீ பார்த்துக்கிட்டே இரும்மா. பதில் வந்தா தம்பிக்குப் போன் போடு.”

“அண்ணி, நானா? இதையா?”

“நீதான்.”

வண்டியை எடுத்தான் நோண்டி. புடவையை மாற்றக்கூட அவளுக்கு நேரமில்லை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவன் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தான். அவள் அவன் தோளைப் பிடித்திருந்தாள். பிடி இறுகுவது அவளுக்கே தெரியவில்லை.

“அக்கா, தோள் கழண்டுடும். எனக்கு மாட்டத் தெரியாது.”

“பேசாம ஓட்டுடா.”

மேம்பாலத்தின் இறக்கத்தில் அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஓரமாக நிறுத்தினான். திரையைப் பார்த்துவிட்டு அப்படியே அக்காவிடம் நீட்டினான். நீட்டிவிட்டு அந்தண்டை போய் நின்றுகொண்டான். நிற்கவில்லை, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“அண்ணி,” என்றது டீச்சரின் குரல். மூச்சு வாங்கியது. “பதில் வந்திருக்கு. படிக்கவா?”

“படி.”

டீச்சர் வகுப்பில் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். “‘இப்போதுதான் பார்த்தேன். கடையைச் சாத்திவிட்டுக் கிளம்புகிறேன். கொஞ்சம் தாமதமாகும். போய்விடாதீர்கள்.’ அவ்வளவுதான் அண்ணி.” கொஞ்சம் நிறுத்தினாள். “கேக்குதா? லைன்ல இருக்கீங்களா?”

பக்கத்தில் லாரிகள் இரைந்துகொண்டு போயின. மடிப்பக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“போக மாட்டேன்னு எழுதி அனுப்பும்மா.”

“நானா? உங்க பேர்லயா?”

“என் பேர்லதான். சீக்கிரம் அனுப்பு, அவரு வழியில பார்க்கட்டும்.” போனைத் தம்பி கையில் திணித்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். “எதுக்குடா சுத்திக்கிட்டே இருக்கே? எடு வண்டியை!”